ஜாகாவின் தோளில் ஏறி வரும் கிருமி



இந்தப் பகுதியில் இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு என்று எழுதுவது வழக்கம். இன்று எழுதப்போகும் வியாதியின் பெயரை உங்களில் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அது நாம் தினமும் மிதிக்கும் மண்ணிலேயே இருக்கிறது. பெயர் மெலியோய்டோசிஸ். வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனாலும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னால் அலட்சியம் செய்யாமல் இருக்க அது உதவும்.

சில வருடங்களுக்கு முன் நான் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தபோது நடந்ததை முதலில் சொல்கிறேன். அங்கே செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. நல்ல உழைப்பாளி. பத்து வருடமாக இனிப்பு நீர் உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். மழைக்காலத்தில் ஒரு நாள் மட்டையை இழுத்துப் போடும்போது முள் கணுக்காலில் ஏறிவிட்டது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சிலிப்பரோடு கான் தண்ணீரில் இறங்கி மீதி வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் என்று என்னிடம் வந்தார். காலில் சின்னதாக ஒரு வீக்கம், கொஞ்சம் இருமல். நான் காய்ச்சல் மாத்திரையும், புண்ணுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மருந்தும் கொடுத்து, "மூணு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். இனிப்பு நீர் உள்ளவர், காலில் புண், மண்ணில் வேலை, மழைக்காலம். நான்கும் எனக்குத் தெரியும். நான்கையும் சேர்த்து யோசிக்கத் தவறிவிட்டேன். அது என் தவறு. அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் இரவு அவர் மனைவி என் வீட்டுக் கதவைத் தட்டினார். மூச்சு வாங்குகிறது, ஆள் பேச்சு குழறுகிறது என்றார். தோட்டத்து வேனில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்ததில் இந்தக் கிருமி தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, நரம்பில் ஊசி மருந்து ஏற்றி, எப்படியோ பிழைத்து வந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று மாதத்துக்கு மாத்திரை கொடுத்து, ஒரு நாள் கூட விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஐந்து வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு நிறுத்திவிட்டார். நான் கேட்டபோது, "உடம்பு நல்லாத்தானே இருக்கு ஐயா, எதுக்குச் சும்மா மருந்தைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்கணும்?" என்றார். பெரட்டுக்கு வந்தார், வேலைக்குப் போனார், கோயில் திருவிழாவில் கூட நின்று வேலை பார்த்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் காய்ச்சல். இந்தத் தடவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டியிருந்தது. அவர் வீடு திரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "ஐயா, ரெண்டு மாசம் நல்லா இருந்தாரே. அந்தக் கிருமி அத்தனை நாளும் எங்கே ஒளிஞ்சிருந்துச்சு?"

அன்று எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. "உள்ளேயே இருந்திருக்கு அக்கா" என்று மட்டும் சொன்னேன். அந்தக் கேள்விக்கு இன்று பதில் எழுதுகிறேன்.

உடம்பின் ஜாகாக்கள்

தோட்டத்துக்கு ஜாகா இருப்பது போல நம் ரத்தத்துக்கும் ஜாகா உண்டு. அவைதான் வெள்ளை அணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு சொட்டில் சின்னப் பங்கில், சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். இவற்றில் சில வகை அணுக்கள் கிருமியைக் கண்டால் அப்படியே விழுங்கிவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1882ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மெசினா நகரில் இருந்தபோது, கண்ணாடி போல உடம்பு தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தால், அந்த முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் கூட்டமாகக் கூடி நின்றன. உள்ளே வந்த அந்நியனை வளைத்துப் பிடிக்க உடம்பு ஆள் அனுப்புகிறது என்று அவர் புரிந்துகொண்டார். 1908ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செம்பனை முள் காலில் ஏறும்போது நம் உடம்பிலும் அதே காரியம்தான் நடக்கிறது. முள் குத்திய இடம் சிவந்து வீங்குவது, ஜாகாக்கள் வந்து சேர்ந்ததின் அடையாளம்.

விழுங்கிய கிருமியை வெள்ளை அணு ஒரு சின்னப் பைக்குள் அடைத்து வைக்கும். அந்தப் பைக்குள் புளிப்பான நீரையும் கடுமையான சரக்குகளையும் ஊற்றும். பெரும்பாலான கிருமிகள் அதிலேயே செத்துக் கரைந்துபோகும். நாம் தினமும் எத்தனையோ தடவை கீறிக்கொண்டும் காயம் பட்டுக்கொண்டும் இருந்தாலும் காய்ச்சல் இல்லாமல் நடமாடுவது இந்த ஜாகாக்களால்தான்.

பிடிபட்ட திருடன் செய்யும் தந்திரம்

மெலியோய்டோசிஸ் கிருமியையும் வெள்ளை அணு இப்படித்தான் விழுங்குகிறது. ஆனால் இந்தக் கிருமி அந்தப் பையிலேயே கிடந்து சாவதில்லை. ஊசி போன்ற ஒரு உறுப்பு அதனிடம் இருக்கிறது. அதைக் கொண்டு தன் சரக்கைச் செலுத்தி, பையைக் கிழித்துக்கொண்டு வெள்ளை அணுவின் உள்ளறைக்கு வந்துவிடுகிறது. அங்கே சாப்பாடு தாராளம், கேட்பார் இல்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகிறது.

அடுத்த தந்திரம் இன்னும் ஆச்சரியம். நம் அணுக்களுக்குள் கூடாரக் கம்பு போலத் தாங்கி நிற்கும் நுண்ணிய நூல்கள் உண்டு. கிருமி அந்த நூல்களைத் தன் பின்பக்கத்தில் சேர்த்து வால் போலக் கட்டிக்கொள்கிறது. அந்த வால் பின்னால் இருந்து தள்ள, கிருமி படகு போல முன்னால் பாய்ந்து பக்கத்து அணுவை முட்டுகிறது. முட்டிய இடத்தில் இரண்டு அணுக்களின் சுவரும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. இப்படிப் பல அணுக்கள் சேர்ந்து ஒரே பெரிய அணுவாகிவிடும்.

லயன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருடன் முதல் வீட்டுக்குள் புகுந்து, நடுச்சுவரை இடித்து இரண்டாம் வீட்டுக்கும், அங்கிருந்து மூன்றாம் வீட்டுக்கும் போகிறான். சடக்குப் பக்கம் தலையே காட்டுவதில்லை. வெளியே ஜாகா எத்தனை தடவை ரோந்து வந்தாலும் அவன் கண்ணில் படமாட்டான். ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் பொருள்களும் சடக்கில் நிற்கிற ஜாகா மாதிரிதான். வீட்டுக்குள் இருக்கிறவனை அவற்றால் பிடிக்க முடிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. வெள்ளை அணு ஒரே இடத்தில் நிற்காது. காலில் இருந்து நெறிக்கட்டுக்குப் போகும், அங்கிருந்து ரத்தத்துக்குப் போகும், நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று சுற்றி வரும். உள்ளே உயிரோடு இருக்கும் கிருமிக்கு இது இலவச சவாரி. எந்த ஜாகா பிடித்து வைத்தாரோ அவர் தோளிலேயே ஏறித் திருடன் தோட்டம் முழுக்கச் சுற்றுகிறான். கணுக்காலில் முள் குத்தினவருக்குக் கல்லீரலில் சீழ் கட்டியதின் காரணம் இதுதான்.

இந்த வித்தை இதற்கு மட்டும் தெரிந்ததல்ல. காசநோய்க் கிருமியும் நுரையீரலில் உள்ள விழுங்கும் அணுக்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. டைபாய்டு கிருமி குடலில் இருந்து வெள்ளை அணுவில் ஏறிக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை வரை போகிறது. காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து கொடுப்பதற்கு இந்த ஒளிவு மறைவும் ஒரு காரணம்.

அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கிருமி அவர் உடம்பின் அணுக்களுக்குள்ளேயும், வெளியே தெரியாத சின்னச் சின்னச் சீழ்க் கட்டிகளுக்குள்ளேயும் ஒளிந்திருந்தது. ஊசி மருந்து வெளியே இருந்த கூட்டத்தைக் கொன்றது. காய்ச்சல் போனது, பசி வந்தது. மீதி இருந்ததைத் தேடித் தேடிக் கொல்லத்தான் மூன்று மாத மாத்திரை. அது பாதியில் நின்றபோது ஒளிந்திருந்தது வெளியே வந்தது.

வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் சிலருக்கு, ஊர் திரும்பி வருடக்கணக்கான பிறகு இந்த வியாதி தலைகாட்டியது. அதனால் இதை "வியட்நாமின் நேரக் குண்டு" என்று கூடச் சொன்னார்கள்.

நம் நாட்டோடு இதற்குள்ள உறவு

இந்த வியாதியை முதலில் அடையாளம் கண்டது 1911ஆம் ஆண்டில் பர்மாவின் ரங்கூன் நகரில். விட்மோர் என்ற ஆங்கில டாக்டரும், அவரோடு வேலை பார்த்த கிருஷ்ணசாமி என்பவரும் இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது இதுவரை பார்க்காத ஒரு கிருமியைக் கண்டார்கள். 1912இல் அதை எழுதி வெளியிட்டார்கள். இதற்கு விட்மோர் வியாதி என்றும் பெயர் உண்டு. கூட இருந்த கிருஷ்ணசாமியின் பெயர் அதில் வரவில்லை. நாமாவது நினைவில் வைத்துக்கொள்வோம்.

1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வளர்த்த பிராணிகளுக்கு இதே வியாதி வந்தது. அங்கே வேலை பார்த்த ஸ்டான்டன், பிளெட்சர் என்ற இரண்டு டாக்டர்கள்தான் 1921இல் மெலியோய்டோசிஸ் என்ற பெயரை வைத்தார்கள். ஆகவே, இந்த வியாதிக்குப் பெயர் வைத்த ஊரே நம் தலைநகரம்தான். அப்படி இருந்தும் தோட்டத்தில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிவதில்லை.

மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, வட ஆஸ்திரேலியா, தென்னிந்தியா, இலங்கை என்று வெயிலும் மழையும் உள்ள நாடுகளின் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இந்தக் கிருமி வாழ்கிறது. உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுமார் 1,65,000 பேருக்கு வருகிறது, அவர்களில் சுமார் 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான ஒரு ஆராய்ச்சி கணக்கிட்டது.

2010ஆம் ஆண்டில் பகாங் மாநிலம் மாரான் வட்டாரத்தில் உள்ள லுபோக் யூ என்ற இடத்தில், தண்ணீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் பலர் இறங்கினார்கள். தேடப் போனவர்களில் சிலருக்குச் சில நாளில் கடுமையான காய்ச்சல் வந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். மெலியோய்டோசிஸும், எலிக் காய்ச்சலும் அங்கே சேர்ந்து வந்திருந்தன. இறந்தவர்களில் பலர் இனிப்பு நீர் உள்ளவர்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களே, கவனியுங்கள்

இந்த வியாதி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இனிப்பு நீர்க்காரர்கள். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் வெள்ளை அணுக்கள் சோம்பிவிடுகின்றன. காயத்துக்கு வந்து சேரத் தாமதம், விழுங்கிய கிருமியைக் கொல்லவும் தாமதம். தூங்கி வழியும் ஜாகா இருக்கிற தோட்டம் திருடனுக்குக் கொண்டாட்டம் அல்லவா?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், அளவுக்கு மீறிக் குடிக்கிறவர்களுக்கும் ஆபத்து அதிகம். தண்ணி போடுகிற தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இருப்பதைச் சொல்கிறேன்.

நம் ஜனங்களிடையே இனிப்பு நீர் எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தனக்கு இருப்பதே தெரியாமல் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வெறும் வயிற்றில் 7 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

எப்படி வருகிறது? எப்படித் தெரியும்?

காயத்தின் வழியாக மண்ணும் சேறும் பட்டு வரலாம். புயல் மழையில் காற்றோடு பறக்கும் நீர்த்துளியையும் தூசியையும் சுவாசித்தும் வரலாம். காய்ச்சாத கிணற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் குடித்தும் வரலாம். ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு ஒட்டுவது மிக மிக அபூர்வம். ஆகவே வியாதிக்காரரை ஒதுக்கி வைக்க வேண்டாம். அவர் தட்டையும் டம்ளரையும் தனியாகப் பிரிக்கவும் தேவையில்லை.

கிருமி புகுந்து 1 முதல் 21 நாளுக்குள் பெரும்பாலும் அடையாளம் தெரியும். சிலருக்கு மாதங்கள் கூட ஆகலாம். விடாத காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், ஆறாத புண், தோலில் சீழ்க் கட்டி, மூட்டு வீக்கம், வயிற்று வலி. ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பதில் சிரமமும் வரலாம். பார்ப்பதற்குச் சளிக் காய்ச்சல் போலவும் இருக்கும், காசநோய் போலவும் இருக்கும். அதனால்தான் டாக்டர்களே சில சமயம் ஏமாந்துபோகிறார்கள். ரத்தத்தையோ சீழையோ வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகும்.

சாதாரணப் புண்ணுக்குக் கொடுக்கும் பெனிசிலின், அம்பிசிலின் போன்ற மருந்துகளுக்கு இந்தக் கிருமி அசையாது. பக்கத்துக் கடையிலோ தெரிந்தவரிடமோ மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துவது இதனால்தான் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக வேறு மருந்தை குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. அந்த மாத்திரை பெரும்பாலும் சல்ஃபா சேர்ந்தது. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சாப்பிடும்போது தோல் தடித்தாலோ, வாயில் புண் வந்தாலோ உடனே போய்ச் சொல்லுங்கள். வேறு மருந்து மாற்றித் தருவார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: காட்டுக்குப் போகும்போது சிலிப்பர் வேண்டாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கைக்கு உறை. கிழிந்த பூட்ஸ் போட்டிருப்பதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

இரண்டு: முள் குத்தினாலோ, அரிவாள் பட்டாலோ சுத்தமான தண்ணீரிலும் சவுக்காரத்திலும் உடனே கழுவி மூடுங்கள். காயம் இருக்கும் காலோடு கானிலும் தேங்கிய தண்ணீரிலும் இறங்காதீர்கள். காப்பித் தூள், சுண்ணாம்பு, சிலந்திக் கூடு எதையும் வைத்து அடைக்க வேண்டாம்.

மூன்று: குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கொதித்தால் இந்தக் கிருமி சாகும்.

நான்கு: இனிப்பு நீர் உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உணர்ச்சி மரத்த காலில் முள் இருந்தாலும் தெரியாது. கண் சரியில்லாதவர்களுக்கு வீட்டம்மாவோ பேரப்பிள்ளையோ பார்த்துச் சொல்லலாம்.

ஐந்து: காய்ச்சல் என்று வந்தால், "எனக்கு இனிப்பு நீர் இருக்கு, காலில் காயம் இருக்கு, மண்ணில் வேலை செய்கிறேன்" என்ற மூன்றையும் கேட்காமலே டாக்டரிடம் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

ஆறு: மூன்று மாத மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். நாள்காட்டியில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். தாய்மார்களே, இந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால் பாதி வெற்றி.

பூட்ஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. வேலையிடத்தில் தொழிலாளியின் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் கவனிப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின்படி தர வேண்டிய சாமானுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. பூட்ஸும் உறையும் கிடைக்காத தோழர்கள் பெரட்டில் முணுமுணுத்துவிட்டுக் கலைய வேண்டாம். தோட்டக் கமிட்டித் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். கூட வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் காலிலும் அதே முள்தான் குத்துகிறது.

அந்த அக்கா இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். மகனும் செம்பனைக் காட்டில்தான் வேலை. போன முறை பார்த்தபோது, "தினமும் அவன் காலைப் பார்த்துட்டுத்தான் ஐயா படுக்கப் போறேன்" என்றார். நீங்களும் இன்று இரவு படுக்கும் முன் வீட்டில் உள்ளவர்களின் காலை ஒரு தடவை பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

— உங்கள் தோட்ட மருத்துவ உதவியாளர்